ஆபீஸில் நெட் வருகிறது, வீட்டில் வரவில்லை: லேப்டாப்பில் எங்கே பார்ப்பது?

ஒரே லேப்டாப்பை ஆபீஸுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு வரும் நெட்வொர்க் கோளாறுகளில் பெரும்பாலானவை லேப்டாப் கெட்டுப்போனதால் வருவதில்லை. ஓர் இடத்துக்காகக் கையால் போட்ட அமைப்பு இன்னோர் இடத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆபீஸில் யாராவது வந்து "உங்க சிஸ்டத்துக்கு இந்த ஐபி" என்று, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்புக்கான முகவரி நம்பரை, தட்டிவிட்டுப் போயிருப்பார். சாயங்காலம் வீட்டில் திறந்தால் வைஃபை பிடிக்கும், நெட் வராது. உடனே ரவுட்டரை அணைத்துப் போடுவோம், நெட் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் செய்து புகார் பதிவோம். ரவுட்டர் மேல் தவறே இருக்காது.

அதனால் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது ஒன்றுதான்: லேப்டாப்பை முடிந்த அளவு ஆட்டோமேட்டிக்கிலேயே (ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறையிலேயே) விடுங்கள். நிலையான நம்பர் வேண்டுமென்றால் அதை ரவுட்டரில் பதியுங்கள், லேப்டாப்பில் வேண்டாம். கீழே வரும் தீர்வுகளில் பாதி இந்த ஒரு வழக்கத்தால் தேவையே இல்லாமல் போய்விடும்.

விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ் 10-லும் பெரும்பாலும் இதே அமைப்புகள்தான், மெனு கொஞ்சம் மாறியிருக்கும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் சில அமைப்புகள் சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கும். அவற்றைத் திறக்கக் குறுக்குவழி தேட வேண்டாம், ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆபீஸில் எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே ஐபி, டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய நம்பரைச் சொல்லும் சர்வர்), ப்ராக்ஸி (நெட்டை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நெட் வரவேண்டும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் பழைய நம்பர் தெரியாமல் நிற்பது பலருக்கும் நடக்கிறது.

முதலில் எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள்

அதே வைஃபையில் உங்கள் போனில் நெட் வருகிறதா? போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள். விமானப் பயன்முறை தவறுதலாக ஆன் ஆகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் பொத்தானை அழுத்தி "சிஎம்டி" என்று தட்டினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். அதில்:

ஐபிகான்ஃபிக் /ஆல்

வைஃபை அடாப்டர் என்ற தலைப்பின் கீழே நான்கு வரிகளைப் பாருங்கள். ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், பெரும்பாலும் ரவுட்டர்), டிஎன்எஸ் சர்வர்கள், "டிஹெச்சிபி எனேபிள்டு" என்பதற்கு எதிரே யெஸ் என்று இருக்கிறதா நோ என்று இருக்கிறதா. இந்தக் கடைசி வரிதான் பாதிக் கதையைச் சொல்லிவிடும். டிஹெச்சிபி என்பது தானாக முகவரி கொடுக்கும் முறை. நோ என்றால் யாரோ கையால் ஐபி போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் வரிசையாக மூன்று பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). முதலில் அங்கே தெரியும் கேட்வே நம்பருக்கு, உதாரணமாக பிங் 192.168.1.1. அடுத்து பிங் 8.8.8.8, இது வெளியே இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் சர்வர். கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு.

கேட்வேக்கே பதில் வரவில்லை என்றால் முகவரியில் கோளாறு. கேட்வே பதில் சொல்கிறது, 8.8.8.8 மட்டும் வரவில்லை என்றால் அந்த நம்பர் உண்மையான வாசலாக இல்லாமல் இருக்கலாம், விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) எதையாவது தடுத்துக்கொண்டிருக்கலாம். நம்பருக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ். மூன்றுக்கும் பதில் வந்தும் பிரவுசர் திறக்கவில்லை என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக ப்ராக்ஸி. சில ஆபீஸ்களில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே பதில் வராததை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

வைஃபை இணைந்திருக்கிறது, "நோ இன்டர்நெட்" என்கிறது

அதிகம் பார்க்கும் அறிகுறி இதுதான். சின்ன ஆபீஸ்களில், குறிப்பாக டாலி ஓடும் சர்வரும் பகிர்ந்த பிரிண்டரும் இருக்கும் இடங்களில், ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் நிலையான ஐபி கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு 192.168.10.45 என்று கொடுத்திருப்பார்கள், கேட்வே 192.168.10.1. வீட்டு ரவுட்டர் 192.168.1 என்று ஆரம்பிக்கும் முகவரி வட்டத்தில், 192.168.1.1 என்ற நம்பரில் இருக்கும். லேப்டாப் 192.168.10.1-ஐத் தேடிக்கொண்டே இருக்கும், வீட்டில் அப்படி ஓர் ஆளே கிடையாது.

வீட்டில் சரிசெய்ய: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அங்கே உங்கள் வைஃபையின் பெயரோடு வரும் ப்ராப்பர்டீஸ். அதில் "ஐபி அசைன்மென்ட்" என்பதற்கு எதிரே எடிட்டை அழுத்தி ஆட்டோமேட்டிக் என்று மாற்றிச் சேமியுங்கள். சில நொடிகளில் நெட் வர வேண்டும்.

வரவில்லையா? இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸில் இந்த அமைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. வைஃபை பெயரின் கீழே போடுவது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும். பழைய கண்ட்ரோல் பேனலில் வைஃபை அடாப்டரை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் ஐபிவி4 என்ற வரிக்குள் போய்ப் போடுவது அந்த அடாப்டர் பிடிக்கும் எல்லா வைஃபைக்கும். ஆபீஸில் வந்து தட்டிவிட்டுப் போகிறவர் பெரும்பாலும் இந்தப் பழைய பாதையில்தான் போடுவார், கை பழகிய பாதை அது. விண்டோஸ் பொத்தானோடு ஆர் சேர்த்து அழுத்தி "என்சிபிஏ.சிபிஎல்" என்று தட்டினால் நேராக அங்கே போகலாம். அதற்குள் "அப்டெயின் ஆன் ஐபி அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி" என்பதையும், கீழே டிஎன்எஸ்ஸுக்கான அதே மாதிரி வரியையும் தேர்ந்தெடுங்கள்.

சரி, வீட்டில் வந்துவிட்டது. ஆபீஸில் நிலையான ஐபி வேண்டுமே? தினமும் மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. நான் சிபாரிசு செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வழி, ஆபீஸ் ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் கேளுங்கள். உங்கள் லேப்டாப்பின் மேக் முகவரியை ரவுட்டரில் பதிந்து, "இந்த மெஷின் வந்தால் எப்போதும் 192.168.10.45 கொடு" என்று சொல்லிவைப்பது. லேப்டாப் ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கும், ஆபீஸில் எப்போதும் அதே நம்பர் கிடைக்கும், வீட்டில் வீட்டு நம்பர் கிடைக்கும். சாதாரண வீட்டு ரவுட்டரில்கூடப் பெரும்பாலும் இந்த வசதி உண்டு. ஐபிகான்ஃபிக்கில் "ஃபிஸிக்கல் அட்ரஸ்" என்று வரும் பன்னிரண்டு எழுத்துதான் மேக் முகவரி. வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். எதில் இணைப்பீர்களோ அதைக் கொடுங்கள். ஆபீஸ் வைஃபைக்கு "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்" ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பதிந்த முகவரி ஒன்று, லேப்டாப் காட்டுவது வேறொன்று என்று ஆகிவிடும்.

இரண்டாவது வழி, ஆபீஸ் வைஃபையின் பெயருக்குக் கீழே மட்டும் மேனுவல் ஐபி போடுவது. அடாப்டரில் பொதுவாகப் போட்டதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, கேபிள் இணைப்புக்கு. கேபிள் அடாப்டரின் ஐபிவி4 ப்ராப்பர்டீஸில் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்திலேயே "ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்" என்று ஒரு தாவல் தோன்றும். அதில் ஆபீஸ் ஐபியைப் போட்டுவைக்கலாம். லேப்டாப் முதலில் ஆட்டோமேட்டிக்காக முகவரி கேட்கும். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் இந்த மாற்று ஐபியை எடுத்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை: ஆபீஸில் டிஹெச்சிபி ஓடக்கூடாது. ஓடினால் அதிலிருந்து ஏதோ ஒரு நம்பர் வந்துவிடும், நீங்கள் எழுதிவைத்தது தூங்கிக்கொண்டிருக்கும். "ஆல்டர்நேட் போட்டும் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நெட்வொர்க் அமைப்பை மாற்றும் நெட்ஷ் கட்டளையை வைத்து ஆபீஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதிவைப்பவர்களும் உண்டு. ஓடும், ஆனால் ஒவ்வொரு முறையும் நிர்வாகி அனுமதி வேண்டும், எதை ஓட்டினோம் என்று மறந்தும் போகும். மேலே உள்ள மூன்றும் முடியாதபோது மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதே கோளாறு வேறு முகத்தோடும் வரும். ஆபீஸும் வீடும் இரண்டுமே 192.168.1 வட்டத்தில் இருந்து, உங்களுக்கு ஆபீஸில் 192.168.1.50 என்று நிலையாகப் போட்டிருந்தால், வீட்டிலும் நெட் வந்துவிடும். திடீரென ஒருநாள் வீட்டு ரவுட்டர் அதே 50-ஐ டிவிக்கோ யாருடைய போனுக்கோ கொடுத்துவிட்டால் இரண்டும் மோதும். நெட் வரும், போகும், வரும். வைஃபை சிக்னல் மோசம் என்று நினைத்து ரவுட்டரை இடம் மாற்றிக்கொண்டிருப்போம். விட்டுவிட்டு வரும் நெட் என்றாலே "டிஹெச்சிபி எனேபிள்டு" வரியைப் பார்த்துவிடுங்கள்.

ஐபி 169.254 என்று ஆரம்பிக்கிறது

இது யாரும் கொடுத்த நம்பர் இல்லை. லேப்டாப் முகவரி கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் தானே வைத்துக்கொண்டது. ஆட்டோமேட்டிக் அமைப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றும், எதிர்ப்பக்கம் பதில் வரவில்லை என்றும் அர்த்தம்.

ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், அதன்பின் ஐபிகான்ஃபிக் /ரென்யூ கொடுத்துப் பாருங்கள். வைஃபையை அணைத்துப் போட்டாலும் பெரும்பாலும் இதே பலன்தான். ஆபீஸில் மூடிய லேப்டாப்பை வீட்டில் திறந்தவுடன் வரும் சின்ன மயக்கம் இதிலேயே தெளிந்துவிடும்.

வீட்டில் தொடர்ந்து வந்தால் அந்த வைஃபையை "ஃபர்கெட்" கொடுத்து, பாஸ்வேர்டு போட்டுத் திரும்ப இணையுங்கள். ஆபீஸில் வந்தால் மூன்று காரணங்களைச் சந்தேகிக்கலாம். அங்கே டிஹெச்சிபியே இல்லாமல் எல்லோருக்கும் கையால் ஐபி போட்டிருக்கலாம். பதிந்த மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி இருக்கலாம். அல்லது கொடுக்க வைத்திருந்த நம்பர்கள் தீர்ந்திருக்கலாம். கடைசி இரண்டையும் நீங்கள் சரிசெய்ய முடியாது, சொல்லத்தான் முடியும்.

நம்பருக்குப் பிங் போகிறது, பெயர் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லை

குரோமில் "டிஎன்எஸ் ப்ரோப்" என்று ஆரம்பிக்கும் பிழை தெரியும். ஆபீஸ்களில் டிஎன்எஸ் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும் சர்வர், 192.168.10.5 மாதிரி. அந்த நம்பரை அடாப்டரில் போட்டுவிட்டால் வீட்டில் பெயரைக் கேட்டுச் சொல்ல ஆள் இருக்காது. ஐபியை ஆட்டோமேட்டிக்காக மாற்றிவிட்டு டிஎன்எஸ்ஸை மட்டும் அப்படியே விட்டுவிடுவது நிறைய நடக்கிறது. இரண்டும் தனித்தனி அமைப்பு, இரண்டையும் மாற்ற வேண்டும்.

செட்டிங்ஸில் வைஃபை பக்கத்திலேயே "ஹார்ட்வேர் ப்ராப்பர்டீஸ்" என்று ஒன்று இருக்கிறது. அதில் போடும் டிஎன்எஸ் எல்லா வைஃபைக்கும் பொருந்தும். அது இருக்கும்வரை ஒவ்வொரு வைஃபை பெயரின் கீழும் நீங்கள் போடுவது செல்லாது. அங்கே ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். மாற்றிய பிறகு ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுத்துவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள்.

நேர் எதிராகவும் நடக்கும். வேகமாக இருக்கும் என்று வீட்டில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டிருப்பீர்கள். ஆபீஸுக்குப் போனால் வெளித்தளங்கள் எல்லாம் திறக்கும், ஆபீஸுக்குள் இருக்கும் ஈஆர்பி, ஹெச்ஆர் பக்கம், ஃபைல் சர்வர் மட்டும் பெயரால் திறக்காது. அந்தப் பெயர்கள் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். இந்த வெளி டிஎன்எஸ் ஆசை இருந்தால் வீட்டு ரவுட்டரில் போடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் பலன், லேப்டாப்புக்கும் தொல்லை இல்லை.

விண்டோஸில் எல்லாம் ஆட்டோமேட்டிக், அப்படியும் உள்பக்கம் பிரவுசரில் திறக்கவில்லை என்றால் பிரவுசரின் அமைப்பில் "செக்யூர் டிஎன்எஸ்" ஆன் ஆகியிருக்கலாம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இது உண்டு. ஒரு வெளி நிறுவனத்தை அதில் தேர்ந்தெடுத்திருந்தால் பிரவுசர் ஆபீஸ் டிஎன்எஸ்ஸைக் கேட்காமலேயே வெளியே போய்விடும்.

ஒரே ஒரு தளம் மட்டும் ஓரிடத்தில் திறக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைலை (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று லேப்டாப்பிலேயே எழுதிவைக்கும் ஃபைல்) பாருங்கள். சோதனைக்காக யாராவது ஓர் ஆபீஸ் ஐபியை அதில் எழுதிவைத்திருப்பார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்களிடம் இது அதிகம்.

பிங் எல்லாம் சரி, பிரவுசர் மட்டும் அடம் பிடிக்கிறது

பிழையில் "ப்ராக்ஸி" என்ற சொல் தெரிந்தாலே விடை கிடைத்துவிட்டது. ஆபீஸ்களில் எல்லா நெட்டும் ஒரு ப்ராக்ஸி சர்வர் வழியாகப் போகும்படி வைத்திருப்பார்கள். வீட்டில் அந்த சர்வர் இல்லை. பிரவுசர் அதையே தட்டித் தட்டிக் களைத்துப்போகும்.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. "யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்" ஆன் என்றால் ஆஃப் செய்யுங்கள். முகவரியும் போர்ட்டும் அழியாமல் அங்கேயே இருக்கும், ஆபீஸில் ஆன் மட்டும் செய்தால் போதும்.

இதில் விண்டோஸ் நமக்கு உதவாத இடம் ஒன்று உண்டு. ஐபியையும் டிஎன்எஸ்ஸையும் வைஃபை பெயர்வாரியாக வைக்க முடிகிற மாதிரி ப்ராக்ஸியை வைக்க முடியாது. வைஃபை ஆனாலும் கேபிள் ஆனாலும் ஒரே ப்ராக்ஸி அமைப்புதான். அதனால் தினமும் ஆன், ஆஃப் செய்துகொண்டிருப்பவர்கள் ஆபீஸில் கேட்க வேண்டிய கேள்வி: "செட்டப் ஸ்கிரிப்ட் இருக்கிறதா?" பேக் ஃபைல் என்று ஐடி ஆட்கள் சொல்வது இதைத்தான். ஆபீஸ் சர்வரில் இருக்கும் சின்ன ஸ்கிரிப்ட், எந்தத் தளத்துக்கு ப்ராக்ஸி, எதற்கு நேராக என்று பிரவுசருக்குச் சொல்லும். அந்த முகவரியை "யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்" என்ற இடத்தில் போட்டுவிட்டால் ஆபீஸில் ஸ்கிரிப்ட் கிடைக்கும், ப்ராக்ஸி வழியே போகும். வீட்டில் ஸ்கிரிப்ட் கிடைக்காது, பெரும்பாலும் நேராகப் போய்விடும். முதல் பக்கம் திறக்க வீட்டில் கொஞ்சம் தாமதம் ஆகலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குரோமும் எட்ஜும் விண்டோஸின் ப்ராக்ஸியையே எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸுக்குள் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. குரோமில் திறந்து ஃபயர்ஃபாக்ஸில் திறக்காவிட்டால், அல்லது நேர்மாறாக இருந்தால், அங்கே பாருங்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இன்னும் ஒரு அடுக்கு உண்டு: கிட், என்பிஎம், பிப் மூன்றும் தங்கள் கான்ஃபிக் ஃபைலில் ப்ராக்ஸியை வைத்திருக்கலாம், ஹெச்டிடிபி ப்ராக்ஸி என்ற சூழல் மாறியிலிருந்தும் எடுக்கலாம். பிரவுசர் ஓடுகிறது, கிட் புல் மட்டும் நிற்கிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆபீஸில் ப்ராக்ஸியே கிடையாது, நீங்களும் போடவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் 127.0.0.1 என்றோ தெரியாத முகவரி என்றோ இருக்கிறது என்றால் சும்மா ஆஃப் செய்துவிட்டு நகராதீர்கள். 127.0.0.1 என்றால் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் ஏதோ ஒரு செயலி. சில ஆன்டிவைரஸ்களும் சோதனைக் கருவிகளும் நியாயமாகவே இப்படிச் செய்யும். கெட்ட மென்பொருளும் செய்யும், உங்கள் பிரவுசிங் முழுவதையும் தன் வழியாக இழுத்துக்கொள்வதற்காக. முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அது முடியும்வரை அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை எதுவும் பார்க்காதீர்கள்.

விபிஎன் இணைந்துவிட்டது, ஆபீஸ் சர்வர் மட்டும் திறக்கவில்லை

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை நாள்கணக்கில் அலையவைக்கும் கோளாறு இது. விபிஎன்னில் பச்சை விளக்கு எரியும், வெளித்தளங்கள் திறக்கும், ஆபீஸின் 192.168.1.10 மட்டும் பேசாது.

வீட்டில் லேப்டாப்பின் ஐபியைப் பாருங்கள். அதுவும் 192.168.1 என்று ஆரம்பிக்கிறதா? அப்படியானால் விடை அதுதான். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் தபால் பக்கத்துத் தெருவுக்கே போய்விடும். லேப்டாப்பும் 192.168.1.10 என்றதும் "அது இந்த வீட்டுக்குள்ளேதானே" என்று முடிவுகட்டி, விபிஎன் பக்கமே போகாமல் வீட்டு வைஃபைக்குள் தேடும். சந்தைக்கு வரும் ரவுட்டர்களில் நிறைய 192.168.0 அல்லது 192.168.1 வட்டத்தில்தான் வருகின்றன. சின்ன ஆபீஸ்களும் அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவதால்தான் இந்த மோதல் இவ்வளவு சகஜம். ஜியோஃபைபர் ரவுட்டர்கள் 192.168.29 வட்டத்தில் வருவதால் அந்த வீடுகளில் இது குறைவு.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் லேப்டாப்பை இணைத்து விபிஎன் போடுங்கள். ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்ற வட்டத்தில் முகவரி கொடுக்கும், ஆண்ட்ராய்டும் பெரும்பாலும் வேறு வட்டம்தான். இதில் சர்வர் திறந்தால் மோதல் உறுதி.

தீர்வு, வீட்டு ரவுட்டரின் உள்முகவரியை மாற்றுவது. ரவுட்டருக்குள் நுழைந்து, லேன் என்ற பகுதியில் 192.168.1.1 என்பதை 192.168.73.1 மாதிரி யாரும் அதிகம் பயன்படுத்தாத நம்பராக மாற்றிச் சேமியுங்கள். ரவுட்டர் அணைந்து திரும்ப வரும். எல்லாக் கருவிகளும் புது நம்பர் வாங்க வேண்டும் என்பதால் போன், டிவி எல்லாவற்றிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வீட்டுப் பிரிண்டருக்கோ சிசிடிவி பெட்டிக்கோ கையால் ஐபி போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும், அதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் முகவரியும் இனிமேல் 192.168.73.1தான். எங்காவது எழுதிவையுங்கள்.

உண்மையில் இதை மாற்ற வேண்டியது ஆபீஸ். பத்துப் பேர் வீட்டிலிருந்து இணையும் ஆபீஸ் 192.168.1-ல் உட்கார்ந்திருந்தால் பத்து வீட்டிலும் இந்தப் பிரச்சினை வரலாம். 10 என்று ஆரம்பிக்கும் பெரிய வட்டம் முழுவதும் தனியார் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறது. அதில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டால் மோதல் ரொம்பக் குறையும். புது ஆபீஸ் போடுகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்றுவது பெரிய வேலை.

விபிஎன்னில் சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய ஃபைல் பாதியில் நிற்கிறது

லாகின் பக்கம் வரும், பாஸ்வேர்டு போட்டதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையில் நிற்கும். பிங் அழகாகப் போகும். இது பொட்டலத்தின் அளவுப் பிரச்சினை, எம்டியு என்பார்கள். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். வீட்டு ஃபைபர் பிபிபிஓஇ முறையில் இணைந்திருந்தால் அதில் 8 பைட் போய் 1492. அதற்கு மேல் விபிஎன்னும் தன் உறையைச் சுற்றும்போது அளவு மீறுகிறது.

விபிஎன் இல்லாமல் முதலில் வீட்டு லைனைச் சோதியுங்கள்:

பிங் 1.1.1.1 -எஃப் -எல் 1472

இதற்குப் பதில் வந்தால் லைன் முழு 1500-ஐத் தாங்குகிறது, பிங்கின் சொந்தச் சுமை 28 பைட். பொட்டலத்தை உடைக்க வேண்டும் என்று திரையில் வந்தால் 1464 போட்டுப் பாருங்கள். அது போனால் லைன் 1492. அடுத்து விபிஎன்னை இணைத்து, ஆபீஸ் சர்வரின் நம்பருக்கு இதே பிங்கை அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுங்கள். எந்த அளவில் பதில் வர ஆரம்பிக்கிறதோ அதோடு 28-ஐக் கூட்டினால் உங்களுக்குப் பொருந்தும் எம்டியு. வயர்கார்டு என்ற விபிஎன் என்றால் அதன் கான்ஃபிக் ஃபைலில் எம்டியு என்று ஒரு வரி சேர்த்து இந்த எண்ணைப் போடலாம். மற்றவற்றில் இந்த எண்ணை ஐடி பிரிவிடம் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்வதைவிட ஆயிரம் மடங்கு உதவியாக இருக்கும்.

விபிஎன்னைத் துண்டித்த பிறகு நெட்டே இல்லை என்றால் அதன் கில் ஸ்விட்ச் வசதி (விபிஎன் இல்லாதபோது நெட்டையே நிறுத்திவிடுவது) ஆன் ஆகியிருக்கலாம், அல்லது செயலி திடீரென மூடியதில் ஆபீஸ் டிஎன்எஸ் அடாப்டரிலேயே தங்கியிருக்கலாம். விபிஎன்னை மறுபடி இணைத்து, முறையாக டிஸ்கனெக்ட் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெட் நன்றாக வருகிறது, பிரிண்டரும் பகிர்ந்த ஃபோல்டரும் தெரியவில்லை

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக் என்றோ பிரைவேட் என்றோ குறித்துவைக்கும். புது நெட்வொர்க் என்றால் பப்ளிக்தான். அதில் உங்கள் லேப்டாப் மற்றவர்கள் கண்ணில் படாது. வீட்டிலும் நம்பகமான சின்ன ஆபீஸிலும் அந்த வைஃபையின் ப்ராப்பர்டீஸில் பிரைவேட் என்று மாற்றுங்கள். ரயில் நிலையம், ஹோட்டல், காபிக் கடை வைஃபையில் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

பிரிண்ட் கொடுத்தால் வீட்டிலிருந்துகொண்டு ஆபீஸ் பிரிண்டருக்குப் போய் வரிசையில் நிற்கிறதா? செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பக்கத்தில், டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஒரு தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்தால் அந்த இடத்தில் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே டிஃபால்ட் ஆகும். இடம் மாறும்போது இந்தக் கணிப்பு தவறவும் கூடும். அணைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் நீங்களே தேர்ந்தெடுப்பது நல்லது. இல்லையென்றால் வீட்டில் கொடுத்த சம்பளச் சீட்டு மறுநாள் ஆபீஸில் நுழைந்ததும் எல்லோர் முன்னாலும் அச்சாகும்.

வீட்டில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கவே நேரமாகிறது என்றால் ஆபீஸ் சர்வரை இசட் டிரைவ் மாதிரி இணைத்துவைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும். இல்லாத சர்வரைத் தேடி நிற்கிறது. வலது கிளிக்கில் டிஸ்கனெக்ட் கொடுத்துவிட்டு, ஆபீஸ் ஃபோல்டருக்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் மேசையில் கேபிள் செருகியதும் குழப்பம்

வைஃபையும் கேபிளும் ஒரே நேரத்தில் இருந்தால் விண்டோஸ் பொதுவாகக் கேபிளுக்கே முன்னுரிமை கொடுக்கும். கேபிள் பக்கம் சர்வர் மட்டும் உண்டு, நெட் கிடையாது என்று பிரித்துவைத்திருக்கும் ஆபீஸ்களில் இதனால் நெட் போய்விடும். கேபிள் அடாப்டரில் கேட்வே என்ற இடத்தைக் காலியாக விட்டால் சர்வர் கேபிளிலும் நெட் வைஃபையிலும் ஓடும். இதை ஐடியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சில ஆபீஸ்களில் இரண்டையும் ஒன்றாக இணைப்பதே விதிப்படி தவறு.

விருந்தினர் வைஃபையில் லாகின் பக்கம் வராமல் நிற்பதும் பெரும்பாலும் கையால் போட்ட டிஎன்எஸ்ஸால்தான். ஆட்டோமேட்டிக்காக்கினால் பக்கம் தானே வந்துவிடும். எல்லாத் தளத்திலும் சான்றிதழ் பிழை வந்தால் லேப்டாப்பின் தேதியையும் மணியையும் பாருங்கள்.

ஆப்பிள் மேக், லினக்ஸ்

மேக்கில் இந்த இரட்டை வாழ்க்கைக்கென்றே லொக்கேஷன்ஸ் என்ற வசதி இருக்கிறது. 2022-ல் வந்த வென்ச்சுரா பதிப்பு முதல் அது சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. "ஆபீஸ்", "வீடு" என்று இரண்டு உருவாக்கி ஐபி, டிஎன்எஸ், ப்ராக்ஸி எல்லாவற்றையும் தனித்தனியாக வைக்கலாம். ஒன்றுக்கு மேல் உருவாக்கிவிட்டால் ஆப்பிள் மெனுவிலிருந்தே மாற்றலாம். 2024-ல் வந்த செக்கோயா பதிப்பு முதல் ஆப்பிள் மேக் கணினியும் வைஃபைக்குத் தனிப்பட்ட மேக் முகவரியைப் பயன்படுத்துகிறது. ஆபீஸில் மேக் முகவரி வடிகட்டியோ ரிசர்வேஷனோ இருந்தால் அந்த வைஃபைக்கு மட்டும் அதை அணையுங்கள்.

உபுண்டு மாதிரியான லினக்ஸ்களில் நெட்வொர்க்மேனேஜர் ஒவ்வொரு வைஃபைக்கும் தனி ப்ரொஃபைல் வைத்திருப்பதால் பெரிய தொல்லை இல்லை. கேபிளுக்கு மட்டும் இரண்டு ப்ரொஃபைல் உருவாக்கி, இடத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

விண்டோஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் "நெட்வொர்க் ரீசெட்" இருக்கிறது. அடாப்டர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவும். விபிஎன் செயலியைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கலாம். கையால் போட்ட ஐபி எல்லாம் போய்விடும். சொந்த லேப்டாப் என்றால், முதலில் எடுத்துவைத்த படங்கள் கையில் இருந்தால், தாராளமாகச் செய்யலாம். கம்பெனி லேப்டாப்பில் கேட்காமல் செய்யாதீர்கள். ஆபீஸ் வைஃபைக்குச் சான்றிதழ் வைத்து நுழையும் ஏற்பாடு இருந்தால் வீட்டில் உட்கார்ந்து அதைத் திரும்ப வரவைக்க முடியாமல் போகலாம்.

ஐடிக்குப் போன் செய்யும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐபிகான்ஃபிக்கின் படம், மூன்று பிங்கில் எது போனது எது போகவில்லை, ப்ராக்ஸி பக்கம் ஆனா ஆஃபா, போன் ஹாட்ஸ்பாட்டில் இதே கோளாறு வருகிறதா இல்லையா.